நான்காம் பெட்டிக் காற்று

செவ்வாய்க்கிழமை வந்தால் நார்பர்ட் டெல்ஃபோஸ் காற்று எடுக்கக் கிளம்பிவிடுவார். இருபத்தாறு வருஷமாக இதில் மாற்றமில்லை. அணுமின் நிலையத்தின் வெள்ளை வண்டி காலை ஏழரைக்கு ஏரிக்கரைச் சாலையில் திரும்பும், எட்டு இடங்களில் நிற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும். அந்த வண்டி போவதைப் பார்த்துத்தான் குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டுகிறவர்கள்கூட இருந்தார்கள்.

எட்டு இடங்களிலும் கம்பத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி பொருத்தியிருக்கும். உள்ளே ஒரு சின்னப் பம்பு ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிய காற்று முதலில் ஒரு வட்டத் தாளைக் கடக்கும்; தூசு அங்கே தங்கிவிடும். அடுத்து மூக்குப்பொடி டப்பா அளவில் ஒரு கரி டப்பா. நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து கதிர்வீச்சுள்ள அயோடின் வந்தால், தாளுக்குச் சிக்காமல் நழுவுவது இந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பழைய டப்பாவைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, பழையதை ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்கு ஓர் ஆளா என்று கேட்பவர்கள், ஜனவரி மாதம் ஏரிக்காற்றில் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் திருகை ஒருமுறை திருகிப் பார்க்கட்டும்.

சிமென்ட் கட்டடத்துக்குள் ஆயிரம் மானிகள் இருந்தாலும், வெளியே இருக்கும் ஜனங்களுக்கு நிலையம் என்றால் நார்பர்ட்தான். தீவனக் கடையிலும் மாதா கோயில் வாசலிலும் அவரை நிறுத்திக் கேட்பார்கள்.

"என்ன நார்ப், இந்த வாரம் என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு மதுக்கடையில் கூடும்போது, தீவனக் கடை ஜீன் லெமென்ஸ் தவறாமல் இதை இழுப்பார்.

"ஒண்ணுமில்லைன்னு கண்டுபிடிக்கிறதுக்கு இருபத்தாறு வருஷமா சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்யா. எனக்கும் ஒரு டப்பா குடேன், என் கடைல வியாபாரம் இருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

"உன் கடைக்கு டப்பா எதுக்கு, வாசல்ல இருந்தே தெரியுதே," என்பார் நார்பர்ட்.

கிண்டல் செய்தாலும் அவர் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை. அவரும் அதற்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டார். புது டப்பா கோட்டின் இடது பையில், கழற்றிய டப்பா வலது பையில். பழசும் புதுசும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அயோடினுக்கு நிறமா, மணமா? அதனால் இடது, வலது என்பதில் அவருக்கு ஜெபம் மாதிரி ஓர் ஒழுங்கு. போதாததற்குக் காலையில் கிளம்பும்போதே எட்டுப் புது டப்பாக்களின் விளிம்பிலும் மாட்டப்போகும் தேதியைப் பென்சிலால் எழுதிவிடுவார். இதை எந்த விதிமுறையும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் பார்ப்பது டப்பா வரும் உறையின் மேல் இருக்கும் சீட்டை மட்டும்தான். பென்சில் எழுத்தைப் பார்த்து அங்கே இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

நான்காம் பெட்டி ட்ரீனா ஜடினின் வேலியோரம் நின்றது. நிலையத்துக்குத் தென்கிழக்கே ஒன்றேகால் மைல்.

ட்ரீனாவை அவருக்குத் தெரியவந்ததும் ஒரு விதிமுறையால்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நிலையத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மூன்று கேள்வி கேட்க வேண்டும். இங்கே யார் குடியிருக்கிறார்கள், ஐந்நூறு சதுர அடிக்கு மேல் கீரை, காய்கறித் தோட்டம் உண்டா, பால் தரும் பிராணி உண்டா. எந்தத் திசையில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் காற்றில் போவது எந்த வயிற்றுக்குள் போகும் என்று கணக்குப் போட முடியும். ஒரு ஆகஸ்டில் அந்தப் பண்ணை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ட்ரீனா, இடுப்பில் நாலு மாதக் கைக்குழந்தையுடன் கதவைத் திறந்து மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"பிராணின்னா என் புருஷனையும் சேத்துக்கலாமா? என்ன, பால் மட்டும் தரமாட்டான்."

புருஷன் வேட் ஏரிக் கப்பலில் வேலை செய்தான். மார்ச்சில் பனி உடைந்ததும் போனால் ஜனவரியில்தான் வீடு. குழந்தை ஒடிலுக்குப் பசும்பால் சேரவில்லை. ஒரு கரண்டி வயிற்றுக்குள் போனால் உடம்பெல்லாம் தடித்து, மலத்தில் ரத்தம் போகும். மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மாவுப் பாலைக் குழந்தை துப்பியது. கடைசியில் யாரோ சொல்லி ட்ரீனா மூன்று வெள்ளாடுகள் வாங்கினாள். ஆட்டுப்பால் ஒத்துக்கொண்டது. அன்று முதல் அந்த வீட்டில் எல்லாமே ஆட்டைச் சுற்றித்தான் நடந்தது.

நார்பர்ட் மூன்றாவது கேள்விக்கு எதிரே "வெள்ளாடு, மூன்று" என்று எழுதிக்கொண்டு போனார். அது நிலையத்தில் ஒரு சின்னக் கலகத்தைக் கிளப்பியது. மேயும் புல்லில் படியும் அயோடினைப் பசுவைவிட வெள்ளாடு அதிகமாகப் பாலில் இறக்கும். அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் கழுத்துச் சுரப்பி அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நிலையம் வருஷா வருஷம் அணுசக்தி ஆணையத்துக்குக் கொடுக்கும் கணக்கில், எல்லோரையும்விட அதிகமாகப் பாதிக்கப்படக்கூடிய ஜீவன் யார் என்றால், மிக அருகில் ஆட்டுப்பால் குடிக்கும் குழந்தை. ஒடிலுக்கு முன்பு அந்த இடத்தில் நாலரை மைல் தள்ளி ஒரு பசு மாட்டுப் பண்ணைதான் இருந்தது. ஒரு துளி அயோடின் கூடுதலாக வெளியேறாமலே கணக்கு மூன்று மடங்கானது.

"உங்க ஆடு நம்ம நம்பரை ஏத்திருச்சு நார்ப்," என்றாள் அவருடைய மேலதிகாரி ரொவீனா பெக். பாதி விளையாட்டுதான். கெட்ட மனுஷி இல்லை. கணக்கில் ஒரு புள்ளிகூடத் தவறவிடமாட்டாள்.

அன்று முதல் மாதம் இருமுறை, ஆடு மேயும் காலத்தில், ட்ரீனா வீட்டுப் பாலும் ஒரு குடுவை எடுத்து ஆய்வுக்குப் போனது. ஒடில் தவழ்ந்தாள், நடந்தாள். செவ்வாய்க்கிழமை வண்டிச் சத்தம் கேட்டால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நார்பர்ட்டின் கோட்டுப் பையில் ஏதோ பெரிய புதையல் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. பேரன் பேத்தி என்று யாரும் இல்லாத மனுஷர். எட்டுப் பெட்டியில் நான்காம் பெட்டிக்குத்தான் அதிக நேரமாகும் என்பது வண்டியின் மைல் கணக்கு பார்ப்பவனுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் அக்டோபரில் எரிபொருள் மாற்றுவதற்காக நிலையத்தை நிறுத்தினார்கள். எரிபொருள் குழாய் ஒன்றில் ஊசிமுனைத் துளை இருந்திருக்கிறது. ஓடும்போது அடங்கியிருந்தது, நிறுத்தியதும் சனிக்கிழமை வாயைத் திறந்தது. புகைபோக்கி மானி ஏறியது, வரம்புக்கு ரொம்பக் கீழேயே நின்றது, ஞாயிறு சாயங்காலம் இறங்கியது. எல்லாம் முறைப்படி பதிவானது. சனியும் ஞாயிறும் காற்று வடமேற்கிலிருந்து அடித்தது.

செவ்வாய்க்கிழமை பத்தாம் தேதி. தூறல். நார்பர்ட் நான்காம் பெட்டியைத் திறந்து பழைய டப்பாவைக் கழற்றி வலது பையில் போட்டார். இடது பையிலிருந்து புதியதை எடுத்தார். அதற்குள் ட்ரீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரப் புல்லில் விறுவிறுவென்று வந்தாள். முகம் சரியில்லை.

"நார்ப், என் சித்தப்பா மகன் உள்ள வெல்டிங் வேலைக்கு வந்திருக்கான். வார இறுதியில என்னமோ வெளிய போச்சுங்கிறான். நெசமா?"

"கொஞ்சம் போச்சும்மா. வரம்புக்குள்ளதான். அவனுக்கு யாரு இதெல்லாம்..."

"இந்தப் பக்கமா போச்சா?"

இதற்குள் ஒடில் அம்மாவின் தோளிலிருந்து சரிந்து, அவர் வலது பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துவிட்டாள். புதையல் கிடைத்த சந்தோஷத்தில் அதை வாய்க்குக் கொண்டுபோனாள். "அட திருட்டுக் குட்டி," என்று நார்பர்ட் சிரித்துக்கொண்டே பிடுங்கினார். ஒரு கணம் அவர் இரண்டு கையிலும் இரண்டு டப்பா. கண் ட்ரீனாவின் முகத்தில்.

"காத்து இந்தப் பக்கந்தான் அடிச்சுது. அதுக்குத்தானே இந்தப் பெட்டி நிக்குது. இது ஆய்வகத்துக்குப் போகட்டும், வியாழக்கிழமை தெரிஞ்சிரும்."

"அதுவரைக்கும் ஆட்டுப்பால் குடுக்கட்டுமா, வேணாமா? எனக்குப் பயமா இருக்கு நார்ப். அவளுக்கு வேற எதுவும் ஒத்துக்காது."

"ரெண்டு நாள் நிறுத்தி வை. என்னன்னு நானே வந்து சொல்றேன்."

கை, இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், தன் வேலையை முடித்திருந்தது. ஒன்றை மாட்டியது, ஒன்றை உறையில் போட்டது. சீட்டில் பெட்டி எண், தேதி, கையெழுத்து.

வியாழக்கிழமை ஆய்வகத்துத் தாள் வந்தது. எட்டு டப்பாவிலும் அளக்கக்கூடியதாக எதுவும் இல்லை. நான்காம் எண்ணிலும் இல்லை. காற்று அந்தப் பக்கமே அடித்தும் இல்லையென்றால் மேலே எழும்பிப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நார்பர்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், வேலை முடிந்ததும் வண்டியை நேராக ட்ரீனா வீட்டுக்கு விட்டார்.

உள்ளே நுழையும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. இரண்டு நாளாக ஓட்ஸ் கஞ்சியும் மாவுப் பாலும். பாதியைத் துப்பிவிட்டது. கண் குழிந்திருந்தது. ட்ரீனா தூங்கினதாகத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. தாளையே பாத்தேன். குடிக்கட்டும்மா."

ட்ரீனா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். கறந்த பாலைக் கொட்ட மனசு வராமல் நாலு பாட்டிலில் தேதி போட்டு வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துச் சுடவைத்தாள். ஒடில் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் குடித்தாள். குடித்து முடித்து, வெள்ளை மீசையோடு நார்பர்ட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்குத் தானே குடித்தது போல வயிறு நிறைந்தது.

அடுத்த செவ்வாய், பதினேழாம் தேதி, நல்ல வெயில். நார்பர்ட் நான்காம் பெட்டியின் டப்பாவைக் கழற்றினார். வலது பைக்குப் போகும் வழியில் விளிம்பு வெயிலில் பளிச்சிட்டது. பென்சிலில் அவர் கையெழுத்து. அக்டோபர் 3.

முதலில் புரியவில்லை. பத்து என்றல்லவா இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றுதான். மூன்றாம் தேதி மாட்டியது, பத்தாம் தேதி கழற்றியது, இன்று இங்கே எப்படி? அப்படியானால் ஆய்வகத்துக்குப் போனது?

போனது புது டப்பா. ஒரு மூச்சுக் காற்றைக்கூடப் பார்க்காத கரி. அதை அளந்துதான் ஒன்றுமில்லை என்றார்கள். அதை நம்பித்தான் இவர் குடிக்கட்டும் என்றார். அந்தச் சனி ஞாயிறு அடித்த காற்று முழுவதும் இதோ, இவர் உள்ளங்கையில் இருக்கிறது.

வண்டியின் பின் கம்பியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை பைக்குள் கை விட்டதும், பிடுங்கியதும், இரண்டு கையிலும் இரண்டு டப்பா இருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் இடது வலது என்று காத்த மனுஷர், எந்த வாரம் தவறக்கூடாதோ அந்த வாரம் தவறியிருக்கிறார். மற்ற வாரம் தவறியிருந்தால் நாய்கூடக் கவலைப்பட்டிருக்காது.

ட்ரீனா பால் குடுவையோடு வந்தாள். அன்று பால் எடுக்கும் முறை.

"என்ன நார்ப், உடம்பு சரியில்லையா? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

"ட்ரீனா, அந்தப் பாலை நிறுத்திரும்மா. இப்பவே."

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்லைன்னீங்களே."

"தப்பு நடந்துபோச்சு. என் தப்பு. டப்பா மாறிப்போச்சு. அன்னைக்கு அனுப்புனது இது இல்ல."

"அப்ப அன்னைக்கு வந்துச்சா, வரலையா?"

"தெரியல. இதை அளந்தாத்தான் தெரியும்."

"அஞ்சு நாளா குடிச்சிட்டிருக்கா," என்றாள் ட்ரீனா. சத்தமாகச் சொல்லவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினாள்.

மற்ற நாலு பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நார்பர்ட் நிலையத்துக்கு விரைந்தார். ரொவீனா டப்பாவை வாங்கித் தானே மானிக்குள் வைத்தாள். திரையில் கோடு எழும்பிற்று. அயோடின்தான். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும் சரக்கு அது. பத்து நாள் தேய்ந்த பிறகும் தெளிவாகத் தெரிந்தது. அன்று கொண்டுவந்த பாலிலும் கொஞ்சம் இருந்தது.

ரொவீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலை.

"டப்பா சரியா வந்திருந்தா பன்னெண்டாம் தேதியே பாத்திருப்போம். அடுத்த நாளே பால் எடுத்திருப்போம். ஆட்டைக் கொட்டில்ல கட்டி வைக்கோல் போடுங்கன்னு சொல்லியிருப்போம். அதுக்குத்தானே நார்ப் இந்த ஏற்பாடெல்லாம்."

"தெரியும்."

"ஏன் மாறுச்சு? காரணம் எழுதணும்."

அவள் முன்னால் படிவம் இருந்தது. பம்பு பழுது, மின்தடை, இடி, எலி, எல்லாவற்றுக்கும் அதில் எண் உண்டு. குழந்தையின் கைக்கு எண் இல்லை. இருந்திருந்தாலும் நார்பர்ட் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

"கை தவறிருச்சுன்னு எழுதிக்கோ."

"பணியாளர் பிழை" என்று ரொவீனா எழுதினாள். மறுநாள் கணக்கும் போட்டாள். அந்தக் காற்று, அந்தப் புல், அந்த ஆடு, அந்தப் பால், ஒன்றரை வயதுக் குழந்தையின் கழுத்து. வருஷத்துக்குப் பதினைந்து மில்லிரெம் கதிர்வீச்சு வரை போகலாம் என்பது விதி. வந்தது பூஜ்யம் புள்ளி நாலு.

"பயப்பட ஒண்ணுமில்ல நார்ப். உண்மையாவே கொஞ்சந்தான். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட நீங்க நம்பரைச் சொல்லக்கூடாது. கடிதம் தயாராகுது, மூணு பேர் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை போயிரும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவ என்ன பண்ணுவா?"

ரொவீனா கணக்குத் தாளைக் கோப்பில் செருகினாள். அவள் விதியை எழுதவில்லையே.

நார்பர்ட் அன்று சாயங்காலமே தன் சொந்தக் காரில் போனார். ட்ரீனா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் மாவட்ட நிர்வாகம் வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த அயோடின் மாத்திரை அட்டை. குழந்தை உள்ளறையில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"இதைக் குடுக்கலாமா?" என்று அட்டையைத் தள்ளினாள்.

"அது நல்ல அயோடின், கெட்டது வந்து ஒட்ட இடமில்லாம கழுத்துச் சுரப்பியை நெரப்பி வைக்க முன்னாடியே போடணும்மா. இப்பப் போட்டுப் பிரயோஜனமில்ல."

"எப்ப போட்டிருக்கணும்?"

"சனிக்கிழமை. ஆனா இந்த அளவுக்கெல்லாம் போடச் சொல்லமாட்டாங்க. ரொம்பக் கொஞ்சம் ட்ரீனா. பதினஞ்சுக்குப் பூஜ்யம் புள்ளி நாலு. விமானத்துல ஒரு தடவை போனாலே இதைவிட..."

"அந்தப் பதினஞ்சு யாருக்கு?"

"புத்தகத்துல ஒரு குழந்தை இருக்கு. இத்தனை எடை, இத்தனை பால் குடிக்கும்னு. அந்தக் குழந்தைக்கு."

"அந்தக் குழந்தை வீட்டுக்கு நீங்க போய், குடிக்கட்டும்னு சொன்னீங்களா?"

நார்பர்ட் மாத்திரை அட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நான் நிறுத்தி வச்சிருந்தேன் நார்ப். ரெண்டு நாள் அவ கத்துனதைக் கேட்டுக்கிட்டு நிறுத்தித்தான் வச்சிருந்தேன். நீங்க வந்து சொன்னதாலதான் குடுத்தேன்." அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "சரி, போனதை விடுங்க. உள்ள போனதை வெளிய எடுக்க வழி இருக்கா?"

"இல்லம்மா. தானாத் தேஞ்சு போகும்."

"பெரியவளானப்புறம் ஏதாச்சும் வருமா?"

வராது என்று சொல்ல வாயெடுத்தார். பூஜ்யம் புள்ளி நாலு. எந்த மருத்துவரைக் கேட்டாலும் வராது என்றுதான் சொல்வார். ரொவீனாவும் அதைத்தான் சொன்னாள். அவருக்கும் அதுதான் நம்பிக்கை. ஆனால் ஆறு நாளுக்கு முன் இதே நாற்காலி அருகில் நின்று, இதே வாயால்தானே அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். இப்போது எதைச் சொன்னாலும் அது அந்த வார்த்தைதான்.

"வராதுன்னுதான் சொல்றாங்க," என்றார்.

"டப்பா எப்படி மாறுச்சு?"

உள்ளறையில் சிணுங்கல் நின்று, ஒடில் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தாள். மாவுப் பால் சேராமல் கன்னம் தடித்துச் சிவந்திருந்தது. அவரைக் கண்டதும் கோட்டுப் பையை நோக்கி வந்தாள்.

"கை தவறிருச்சு," என்றார் நார்பர்ட்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. மூன்று கையெழுத்தும் இருந்தது. "பொதுமக்கள் நலனுக்குப் பாதிப்பில்லை" என்று இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. நார்பர்ட்டுக்கு ஒரு மணி நேர மறுபயிற்சி கொடுத்தார்கள். புது டப்பாக்களுக்குப் பச்சை ஒட்டுத்தாள் வந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. மதுக்கடையில் ஜீன் லெமென்ஸ் மட்டும் மீனைக் கடித்தபடி, "இந்த வாரம் என்ன நார்ப்?" என்றார். நார்பர்ட் தட்டைத் தள்ளி வைத்தார். ஜீன் புரிந்துகொண்டு பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு அவரும் கேட்பதில்லை, தீவனக் கடையில் வேறு யாரும் கேட்பதில்லை.

குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் நான்காம் பெட்டியருகே யாரும் வரவில்லை. வீட்டுப் புகைக்குழாயில் புகை வரும், ஜன்னல் திரை மூடியிருக்கும். மார்ச்சில் வேட் கப்பலுக்குத் திரும்பும் முன் ஆடுகளை வண்டியில் ஏற்றி எங்கோ மேற்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டார். குழந்தைக்குப் பெரிய மருத்துவமனையில் ஏதோ தனி மாவு எழுதிக்கொடுத்திருக்கிறார்களாம். குடிக்கிறாளாம், எடைதான் ஏறவில்லையாம். மே மாதம் ஆண்டறிக்கை வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு வரி: நான்காம் பெட்டி, ஒரு வார மாதிரி, பணியாளர் பிழை, சரிசெய்யப்பட்டது.

ஆகஸ்ட் வந்தது. கணக்கெடுப்புக்கு இந்த முறை வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாமா என்று நார்பர்ட் யோசித்தார். ரொவீனாவே கேட்டாள், நான் போகட்டுமா என்று. வேண்டாம் என்றுவிட்டார். கதவைத் தட்டாமலே எழுதிக்கொள்ளவும் முடியாது. தெரிந்த விஷயமானாலும் குடியிருப்பவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி.

தட்டினார். ட்ரீனா வலைக்கதவுக்கு உட்பக்கம் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். ஒடில் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். வளர்ந்திருந்தாள், கைகள் மட்டும் குச்சியாக இருந்தன.

"கணக்கெடுப்பும்மா," என்றார்.

"கேளுங்க."

"யாரு குடியிருக்கீங்க?"

"நானும் இவளும். ஜனவரிக்கு வேட்."

"ஐந்நூறு சதுர அடிக்கு மேல தோட்டம்?"

"இல்ல. புல்லு போட்டுட்டேன்."

எழுதினார். பேனா நின்றது. மூன்றாவது கேள்வியை முதல்முதலாக அவர் கேட்ட நாளில் அவள் சிரித்த சிரிப்பு இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பால் தர்ற பிராணி ஏதாச்சும்?"

ட்ரீனா அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அவர் அப்படியே எழுதினார். அந்த ஒரு வரியோடு, அதிகம் பாதிக்கப்படக்கூடிய ஜீவன் மறுபடி நாலரை மைல் தள்ளிப் போய்விட்டது. கணக்கு மூன்றில் ஒரு பங்காகும். அடுத்த ஆண்டறிக்கையில் அது நல்ல முன்னேற்றம் என்று வரும். ஆணையத்திலும் யாராவது தலையசைப்பார்கள்.

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப்போனார். வலைக்கதவு லேசாகத் திறந்தது. ஒடில் இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவருடைய வலது பையைத் தேடினாள். பையில் ஒன்றும் இல்லை, அவர் குனிந்து காட்டவும் போனார். அதற்குள் ட்ரீனா அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.